தினமும் பத்தே நிமிஷம்!



ஒண்ணாம் வகுப்பு முதல் அஞ்சாம் வகுப்பு வரை தினமும் பத்து நிமிஷம் கணக்குப் பயிற்சி வேண்டும் என்பது என் கருத்து. வாய்ப்பாடு, கூட்டல், கழித்தல், மனக்கணக்கு. அவ்வளவுதான்.

இது புதுசு இல்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைத் தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகினார்கள். ஒன்றில் 320-ல் ஒரு பங்கான முந்திரி கூட அதில் உண்டு. ஆனால் அங்கே அடியும் உண்டு. அது நமக்கு வேண்டாம். பயந்தால் தெரிந்த விடையும் மறந்துபோகும். வெறும் மனப்பாடமும் போதாது. 7 × 8 = 56 என்று சொல்கிற பிள்ளை, புளியங்கொட்டையை அடுக்கி அதைக் காட்டவும் வேண்டும்.

“பத்து நிமிஷத்துல என்ன வந்துரும்?” என்று கேட்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அஞ்சாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். 200 × 10 = 2000 நிமிடம். 33 மணி நேரத்துக்கும் மேல்! பரீட்சைக்கு முந்தின ராத்திரி இவ்வளவு படிக்க முடியுமா?

2022-ல் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஆடல் பாடலோடு சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம். சொல்லித் தந்தது மனசில் நிற்க, தினப் பழக்கமும் வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை, “எனக்கு கணக்கே வராது”ன்னு முடிவு பண்ணிரும். அப்புறம் அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

ஆசிரியர்கள் அனுமதி தந்தால், பெரிய வகுப்பு அக்கா, அண்ணன்மார் முறை வைத்து உதவலாம். திங்கட்கிழமைக்கு நான் தயார். மத்த நாளுக்கு யாரெல்லாம் வாரீங்க?

- ஒன்பதாம் வகுப்பு மாணவி