உச்சத்துக்குச் சற்றுக் கீழே

2024 ஆகஸ்ட் இறுதியில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஆயத்தீர்வைக் காவலர் தேர்வுக்கான உடற்தகுதி ஓட்டம் தொடங்கியது. நிரப்பப்பட வேண்டிய இடங்கள் 583. ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது விதி. சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தனர். அதன்பின் ஓட்டம் மூன்று நாள்கள் நிறுத்திவைக்கப்பட்டது. காலை ஒன்பது மணிக்குமேல் எவரையும் ஓடவிடக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. வெயில் காரணமா, ஊக்கமருந்து காரணமா, முன்பே இருந்த இதயக்கோளாறு காரணமா என்று வாதங்கள் நீண்டன. அவற்றினூடே ஒரு கேள்வி அமுங்கிப்போயிற்று: ஓர் உடலின் திறனை அறிய அதனை அதன் எல்லைவரை விரட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை என்பது உடற்பயிற்சி உடலியங்கியலின் பழைய விடை. மிதமான உழைப்பின்போது, உழைப்பு கூடக் கூட நாடித்துடிப்பும் ஏறத்தாழ நேர்கோட்டில் கூடுகிறது. ஆகவே, இரண்டு மூன்று மிதமான நிலைகளில் துடிப்பை அளந்துகொண்டு, அக்கோட்டை மேல்நோக்கி நீட்டினால் உச்சத்திறனை மதிப்பிட்டுவிடலாம். சுவீடனில் ஆஸ்ட்ராண்டும் ரிமிங்கும் 1954இல் வெளியிட்ட கணிப்பு வரைபடம் இந்த அடிப்படையில் அமைந்ததே. நிலைமிதிவண்டியைச் சில நிமிடங்கள் மிதித்தால் போதும். மயங்கி விழ வேண்டியதில்லை. இவ்வகைச் சோதனையையே 'சப்மேக்சிமல்' என்கிறார்கள்.

இச்சொல்லைத் தமிழில் 'குறைநிலை' என்று பெயர்த்தால் சிக்கல் தொடங்குகிறது. நம் மொழியில் 'குறை' என்பது அளவின் சிறுமையை மட்டுமன்றிப் பழுதையும் முறையீட்டையும் குறிக்கும். குறைந்த அளவு மருந்து என்றதுமே அரைகுறை வைத்தியம் என்று நோயாளி புரிந்துகொள்வது அவருடைய அறியாமையன்று. சொல்லே அவரை அங்கு அழைத்துச் செல்கிறது. மருத்துவத்தில் 'சப்தெரபியூட்டிக்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. பயன் தருவதற்கே போதாத அளவு என்பது அதன் பொருள். இரண்டிலும் முன்னொட்டு ஒன்றே. ஆனால் ஒன்று கூரையிலிருந்து கீழ்நோக்கி அளக்கப்படுகிறது, மற்றது தரையிலிருந்து. கூரைக்குக் கீழே இருப்பது வேறு, தரைக்குக் கீழே புதைந்திருப்பது வேறு.

அடோர்வாஸ்டாட்டின் இதற்கு நல்ல சான்று. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் உட்கொண்டாலே கெட்ட கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அதன்பின் அளவை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் கூடுதல் பலன் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மட்டுமே. எட்டு மடங்கு மருந்து எட்டு மடங்கு பயனன்று. இரத்த அழுத்த மாத்திரைகளும் பெரும்பாலும் இவ்வாறே. பாதி அளவிலேயே பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது, பக்கவிளைவோ பல மருந்துகளில் அளவோடு சேர்ந்து ஏறுகிறது. (மாரடைப்பு கண்டவருக்கு மருத்துவர் உயர்ந்த அளவைக் கொடுப்பதற்கு நியாயம் உண்டு, இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையை உடைக்கத் தொடங்க வேண்டா.)

எல்லைக்குக் கீழ் நின்று அளக்கும் சோதனை இந்தியருக்கு அயலானதும் அன்று. 2021 ஏப்ரலில், கோவிட் இரண்டாம் அலையின்போது, மகாராஷ்டிர மாநிலச் சுகாதாரத் துறை ஆறு நிமிட நடைச் சோதனையை வீட்டிலேயே செய்துபார்க்கச் சொன்னது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு சமதரையில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். அறுபதைக் கடந்தவருக்கு மூன்று நிமிடம். அளவு 93க்குக் கீழ் இறங்கினால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அமர்ந்திருக்கும்போது மறைந்திருந்த ஆபத்தை ஒரு சிறு நடை காட்டிக்கொடுத்தது. நுரையீரல் மிகவும் கெட்டுப்போனவருக்கு அந்த ஆறு நிமிடமே உச்சம் என்பதையும் மறக்கலாகாது. உச்சம் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

இச்சோதனைகளின் வலுவின்மையும் அங்கேதான் இருக்கிறது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத்துடிப்பு கிடைக்கும் என்ற வாய்பாடு எல்லா உடற்பயிற்சிக்கூடச் சுவர்களிலும் தொங்குகிறது. அது தனியே திட்டமிட்ட ஓர் ஆய்வின் முடிவன்று. 1970களின் தொடக்கத்தில், முன்பே வெளிவந்திருந்த தரவுகளைத் தொகுத்துப் பார்த்து எட்டிய தோராயம். நாற்பது வயதினருக்கு அது 180 என்று சொன்னாலும், உண்மையில் 160உம் இருக்கலாம், 200உம் இருக்கலாம். பீட்டா பிளாக்கர் உட்கொள்பவரிடம் கணக்கு முற்றிலும் பிழைக்கும். அதனால்தான் அனுபவமிக்கவர்கள் எண்ணை மட்டும் நம்பாமல் பேச்சையும் கவனிக்கிறார்கள். நடப்பவரால் ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் சொல்ல முடிந்தால் உழைப்பு மிதம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தினால் கடுமை. வாக்கியத்தின் நீளமே அளவுகோலாகிவிடுகிறது. இதற்குக் கருவி எதுவும் வேண்டா.

போட்டித் தேர்வில் பல்லாயிரவரைத் தரவரிசைப்படுத்த இது உதவாது என்று கூறுவார்கள். உண்மைதான். ஆனால் யார் முந்துவார் என்பது ஒரு கேள்வி. இன்று யாரை ஓடவிடக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு 41 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றும் மூன்று நிமிடமும், நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரும், குடும்பத்தில் திடீர் மரணம் உண்டா என்ற வினாவும் இருந்தால் தொடங்கிவிடலாம். பிறவி இதயநோய் அனைத்தும் அதில் அகப்படாது. வெயிலுக்குத் தனி ஏற்பாடும் வேண்டும். ஆயினும் ஏறி இறங்கும்போதே தடுமாறுகிறவர், பத்தாவது கிலோமீட்டரில் அல்லாமல் மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தப்படுவார்.

பின்னர் ஜார்க்கண்ட் அரசு விதியை மாற்றியது. ஆண்கள் இனி 1.6 கிலோமீட்டர் ஓடினால் போதும், ஆறு நிமிடத்தில். தூரம் குறைந்ததை அனைவரும் வரவேற்றனர். பழைய விதி கேட்டது மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம். புதிய விதி கேட்பது பதினாறு.