சாரைக்கும் நாகத்துக்கும் கலியாணமாம்

வேலியோரம் ரெண்டு பாம்பு பின்னிப் பிணைஞ்சு எழும்பினால் போதும், "ஆண் சாரையும் பெண் நாகமும் சேருது" எண்டு ஊரில சொல்லுவினம். நாங்கள் இதை மறுக்கிறம். அப்பிடி எழும்பிப் பிணையிறது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காக நடக்கிற மல்யுத்தம் அது. கடிக்காது, உடம்பை முறுக்கி, மற்றதின்ர தலையை நிலத்தில அமத்தப் பாக்கும்.

சாரை கொலுப்ரிடே குடும்பம், நாகம் எலாப்பிடே குடும்பம். பிரிஞ்சு பல கோடி வருசம். கலியாணம் எண்டால் ஏழு தலைமுறைக்குக் குடும்பம் விசாரிக்கிற சனம், பாம்புக்கு மட்டும் விசாரிக்கிறேல்லை!

பாம்புகளில் கலப்பே இல்லையென்று சொல்லவில்லை. ஆபிரிக்காவில் கபூன் விரியனும் காண்டாமிருக விரியனும் கலந்திருக்கின்றன. ஆனால் இரண்டும் நெருங்கிய சொந்தம், இரண்டுக்கும் விஷம். நாகத்துக்கோ சாரை துணையில்லை, அகப்பட்டால் சாப்பாடு.

இந்தக் கதையால சாகிறது சாரைதான். "நாகத்தோட சேர்ந்தது, இதுக்கும் விஷம் ஏறியிருக்கும்" எண்டு விஷமேயில்லாத பாம்பை அடிச்சுக் கொல்லுறம். பிறகு வயலில எலி கூடிப்போச்செண்டு கடைக்குப் போய் எலிப்பாசாணம் வாங்கிறம்.