ட்யூப்லைட், கரோக்கே, நெல் வயல்: பிலிப்பைன்ஸின் 'உலகிலேயே முதல்' பட்டியலில் எது நிஜம்?

2025 ஜூன் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலேயே 14 நாள் பிலிப்பைன்ஸுக்குப் போய்வரலாம். அதே ஆண்டு அக்டோபரில் டெல்லி - மணிலா நேரடி விமானமும் வந்துவிட்டது. மருத்துவம் படிக்கப் போகிற நாடு என்று மட்டுமே பலருக்கும் தெரிந்திருந்த இடம், இப்போது டிராவல் ரீல்ஸில் வந்து நிற்கிறது. கூடவே வழக்கமான பட்டியலும் வருகிறது. ட்யூப்லைட்டைக் கண்டுபிடித்தது ஒரு பிலிப்பினோ, கரோக்கே அவர்களுடையது, ஆசியாவின் முதல் ஏர்லைன்ஸ் அவர்களுடையது, 2,000 வருஷப் பழமையான நெல் வயல் அங்கேதான் இருக்கிறது...

இது ரீல்ஸ்காரர்கள் புதிதாக உருவாக்கிய பட்டியல் இல்லை. பிலிப்பைன்ஸிலேயே பள்ளிக்கூடங்களிலும் குவிஸ் போட்டிகளிலும் பல பத்தாண்டுகளாகச் சுற்றிவருவதுதான். மூன்று நூற்றாண்டுக்கும் மேல் ஸ்பெயின், பிறகு அமெரிக்கா, நடுவில் ஜப்பான் என்று அடுத்தடுத்து ஆளப்பட்ட நாடு, 'நாங்களும் உலகத்துக்குக் கொடுத்திருக்கோம்' என்று பட்டியல் போடுவதில் வியப்பில்லை. 'நம் தேசிய கீதமே உலகில் சிறந்தது என யுனெஸ்கோ அறிவித்தது' என்ற வாட்ஸ்அப் புரளியை வருஷா வருஷம் ஃபார்வர்டு செய்யும் நமக்கு இந்த மனநிலை புரியாமல் போகாது.

ஆனால், இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் ஒன்று இடிக்கிறது. பொய்யான 'முதல்' எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நிஜமான சாதனைகள் பல, காசும் பெயரும் கிடைக்காமல் ஓரமாகக் கிடக்கின்றன.

ட்யூப்லைட்டும் ஒரு பிடி மண்ணும்

முதலில் ட்யூப்லைட். அகாபிட்டோ ஃப்ளோரஸ் என்பவர் கண்டுபிடித்தார், அவர் பெயரிலிருந்துதான் 'ஃப்ளோரசன்ட்' என்ற சொல்லே வந்தது என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை 1852-லேயே உருவாக்கியவர் இங்கிலாந்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து எடுத்தார். ஃப்ளோரஸ் அப்போது பிறக்கவே இல்லை. விளக்கைப் பொறுத்தவரை, ஜெர்மனியில் எட்மண்ட் கெர்மர் குழுவினர் 1926-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜார்ஜ் இன்மன் குழு அதைக் கடைக்கு வரும் பொருளாக்கியது. 1938-ல் விற்பனை ஆரம்பம். ஒருவரின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாத, பல கை மாறி வந்த பொருள் அது. அந்தக் கைகளில் ஃப்ளோரஸின் கை இருந்ததற்கு ஆவணம் எதுவும் இல்லை.

இப்போது இன்னொரு பெயர்: அபெலார்டோ அகிலார். ரீல்ஸில் அதிகம் வராத பெயர்.

இவர் இலோய்லோ என்ற ஊரில் இருந்த டாக்டர். அமெரிக்க மருந்து நிறுவனமான எலி லில்லிக்காக வேலை பார்த்தார். 1949-ல் தன் ஊர்ப் பக்கத்து மண்ணை எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகளிலிருந்து புதிய ஆன்டிபயாட்டிக் தேடிய காலம் அது. அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து லில்லியின் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்ததுதான் எரித்ரோமைசின். 1952-ல் சந்தைக்கு வந்தபோது வைத்த பிராண்ட் பெயர் இலோடைசின். ஊர்ப் பெயரை ஒட்டிய பெயர்.

எரித்ரோமைசின் தெரியாவிட்டாலும் அசித்ரோமைசின் தெரிந்திருக்கும். கொரோனா காலத்தில் பாராசிட்டமாலோடு சேர்த்து மெடிக்கல் ஷாப்பில் எல்லாரும் வாங்கிய அந்த மூன்று மாத்திரை ஸ்ட்ரிப். அதுவும் எரித்ரோமைசினை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதுதான். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்கு இந்த மருந்துக் குடும்பம் எவ்வளவு முக்கியம் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

மருந்துக்கு ஊரின் பெயர் வந்தது. அகிலாருக்கு ராயல்டி வரவில்லை. தன் பங்கைக் கேட்டு அவர் நடத்திய போராட்டம், 1993-ல் அவர் இறக்கும்வரை பலன் தரவில்லை.

'மண்ணை அனுப்பினால் கண்டுபிடிப்பாளர் ஆகிவிடுவாரா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நுண்ணுயிரியைப் பிரித்தது, மருந்தாக்கியது, சோதித்தது எல்லாம் லில்லியின் ஆய்வகம். ஆனால் அந்த மண் இல்லாமல் அந்த மருந்து இல்லை. மண்ணைக் கொடுத்தவருக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் லாபத்தில் பங்கு உண்டா என்று கேட்க 1949-ல் சட்டமே இல்லை. ஒரு நாட்டின் உயிரியல் வளம் அந்த நாட்டுக்கே உரியது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 1992-ன் பல்லுயிர் ஒப்பந்தத்தில்தான். அதற்கு மூன்றே ஆண்டுகளில், 1995-ல், வெளியாட்கள் தாவரம், நுண்ணுயிரி போன்றவற்றை ஆய்வுக்கு எடுத்துப்போக விதிமுறைகள் வகுத்து அதிபர் ஆணை பிறப்பித்தது பிலிப்பைன்ஸ். உலகிலேயே இதை முதலில் செய்த நாடுகளில் ஒன்று. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் 2002-ல்தான் வந்தது. சொல்லப்போனால் இதுதான் அசல் 'முதல்'. ஆனால் பாருங்கள், இதை வைத்து யாரும் ரீல்ஸ் போடுவதில்லை!

கண்டிஷன்ஸ் அப்ளை

சில சாதனைகள் பொய் இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு ஸ்டார் குறி போட வேண்டும்.

'ஆசியாவின் முதல் ஏர்லைன்ஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். பிலிப்பைன் ஏர்லைன்ஸின் முதல் விமானம் 1941 மார்ச் 15-ல் மணிலாவிலிருந்து பாகியோவுக்குப் பறந்தது. டாடா ஏர்லைன்ஸோ 1932-லேயே கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் சுமந்து பறந்துவிட்டது, அந்தத் தபால் மெட்ராஸ் வரை வந்தது. பிறகு எப்படி அவர்கள் முதல்? நிறுவனம் சொல்வதைக் கவனமாகப் படித்தால் விடை கிடைக்கும்: 'தொடங்கிய அதே பெயரில் இன்றும் இயங்கும்' ஆசியாவின் மிகப் பழைய ஏர்லைன்ஸ். டாடா ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவாகப் பெயர் மாறியதால் போட்டியில் இல்லை. ரீல்ஸ் எடுப்பவர் அந்த ஒரு வரியை வெட்டிவிடுகிறார், அவ்வளவுதான்.

கரோக்கே கதை இன்னும் சுவாரஸ்யம். ஜப்பானில் ஷிகேய்ச்சி நெகிஷி 1967-லும், டாய்சுகே இனோவே 1971-லும் பாட்டுக்குப் பின்னணி இசை தரும் மெஷின்களை உருவாக்கினார்கள். இனோவே காப்புரிமை வாங்கவில்லை. பிலிப்பைன்ஸின் ராபர்டோ டெல் ரொசாரியோ தன் 'சிங் அலாங் சிஸ்டம்' கருவிக்கு 1980-களில் காப்புரிமை வாங்கினார். வேறொரு நிறுவனம் அதேபோன்ற மெஷினை விற்றபோது கோர்ட்டுக்குப் போய், 1996-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்பும் பெற்றார். ஆக, கரோக்கேவை முதலில் உருவாக்கியது பிலிப்பைன்ஸ் என்பது தவறு. அதற்குக் காப்புரிமை வாங்கி, வழக்காடி ஜெயித்தவர் ஒரு பிலிப்பினோ என்பது சரி. அகிலார் கதையைப் படித்த கையோடு இதைப் படித்தால், காகிதத்தில் பதிவுசெய்து வைப்பதன் அருமை புரியும்.

தீவுகளின் எண்ணிக்கை 7,107 என்று படித்திருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். 2016-ல் அந்நாட்டின் வரைபட நிறுவனம் புதிய எண்ணிக்கையை அறிவித்தது: 7,641. 1994-ல் மணிலாவில் நடந்த மிஸ் யுனிவர்ஸ் மேடையில், நாட்டில் எத்தனை தீவுகள் என்ற கேள்விக்கு பிலிப்பைன்ஸ் போட்டியாளர் சார்லின் கொன்சாலஸ் 'ஹை டைடிலா, லோ டைடிலா?' என்று திருப்பிக் கேட்டது அங்கே இன்றும் பிரபலம். (அந்த வருஷ கிரீடம் நம்ம சுஷ்மிதா சென்னுக்கு.)

97 வருஷக் காத்திருப்பு

ஸ்டார் குறி தேவையே இல்லாத ஒரு 'முதல்' உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்ட பிலிப்பைன்ஸுக்கு முதல் தங்கம் கிடைத்தது 2021 ஜூலை 26-ல், டோக்கியோவில். இடையில் 97 ஆண்டுகள்.

வென்றவர் ஹிடிலின் டயஸ். ஜாம்போவாங்கா நகரில் ட்ரைசைக்கிள் ஓட்டுநரின் மகள். விமானப் படையில் வேலை. 2016 ரியோவில் வெள்ளி வாங்கியவர். அப்படிப்பட்டவர் 2019-ல் டோக்கியோ பயிற்சிக்குப் பணமில்லாமல் இன்ஸ்டாகிராமில் ஸ்பான்சர் கேட்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு, அதிபர் டுடெர்ட்டேவைக் கவிழ்க்கச் சதி நடப்பதாக அரசுத் தரப்பு வெளியிட்ட ஒரு வரைபடத்தில் அவர் பெயரும் இடம்பெற்றது. அவர் மறுத்தார். 2020-ல் பயிற்சிக்காக மலேசியா போன இடத்தில் லாக்டவுனில் மாட்டிக்கொண்டார். ஜிம் மூடியிருந்ததால் மூங்கில் கழியின் இரு பக்கமும் தண்ணீர் கேன்களை மாட்டித் தூக்கிய வீடியோ அப்போதே வைரல்.

டோக்கியோவில் 55 கிலோ பிரிவில் அவர் தூக்கிய மொத்த எடை 224 கிலோ. இரண்டாவது வந்த சீன வீராங்கனை தூக்கியது 223. ஒரே ஒரு கிலோ வித்தியாசம்!

பிறகு கதவு திறந்துவிட்டது. 2024 பாரிஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் கார்லோஸ் யூலோ அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு தங்கம் வென்றார்.

20 பெசோ நோட்டில் இருக்கும் வயல்

இனி நெல் வயலுக்கு வருவோம். வடக்கே இஃபுகாவோ மலைச்சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்கள். 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 20 பெசோ நோட்டின் பின்பக்கம் அச்சானது பனாவே ஊரின் புகழ்பெற்ற வயற்காட்சி. வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் செல்ஃபி எடுக்கும் அந்த வியூபாயின்ட் வயல் யுனெஸ்கோ பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவை பட்டாட், பங்கான், மாயோயாவ், ஹுங்துவான், நகாகடான் என்ற ஐந்து தொகுதிகள்தான். ரொம்ப காலமாகப் பராமரிப்பு குறைந்து, 2001-ல் 'ஆபத்தில் உள்ள சின்னங்கள்' பட்டியலுக்குப் போய், 2012-ல்தான் அதிலிருந்து மீண்டன.

'2,000 வருஷப் பழமை' என்பதுதான் பெரிய சண்டை. அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. பிலிப்பினோ தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோவின் கார்பன் காலக்கணிப்பு ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. முன்பு அங்கே பிரதானமாக இருந்தது சேம்பு போன்ற கிழங்கு. படிவயல் நெல் சாகுபடி பெருகியது ஸ்பானியர்கள் வந்த பிறகு, அதாவது சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்புதான் என்கிறார். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

1,600 வருஷம் குறைந்தால் பெருமையும் குறையுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அகபாடோ சொல்வது சரியென்றால், இது காலனியாட்சிக்குப் பிடிகொடுக்காமல் மலையேறிய மக்கள் ஒரு சில தலைமுறைக்குள் மலையையே வயலாக்கிய கதை. ஸ்பெயினால் கடைசிவரை அந்த மலைப்பகுதியை முழுசாக அடக்க முடியவில்லை. 'ஆதிகாலத்து மக்கள், ஆதிகாலத்து வயல்' என்ற கதையில் அவர்கள் வெறும் மியூசியம் பொருள். இந்தக் கதையில் அரசியல் தெரிந்தவர்கள்.

நெல்லைப் பொறுத்தவரை நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ரேஷன் கடையிலும் தாத்தா பாட்டி பேச்சிலும் வந்த 'ஐ.ஆர். எட்டு', 'ஐ.ஆர். இருபது' அரிசியின் பூர்விகம் பிலிப்பைன்ஸ்தான். மணிலாவுக்குத் தெற்கே லோஸ் பான்யோஸில் 1960-ல் அமைந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-ல் வெளியிட்ட குட்டை ரகம் ஐ.ஆர். 8. ஆசியாவின் பசுமைப் புரட்சி நெல்லில் தொடங்கியது அங்கேதான். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநர்.

உலகத்துக்கே விதை கொடுத்த அந்த நாடு, சமீப ஆண்டுகளில் உலகிலேயே அதிகம் அரிசி இறக்குமதி செய்யும் நாடு. இந்த 'முதல்' எந்தப் பட்டியலிலும் வராது. ஆறுகளின் டெல்டா குறைவு, அடிக்கடி புயல், பெருகும் மக்கள்தொகை எனக் காரணம் பல. 2019-ல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை நீக்கி வரி மட்டும் விதித்தார்கள். 2024-ல் விலையைக் குறைக்க அந்த வரியையும் 35-லிருந்து 15 சதவீதமாக்கினார்கள். வெளிநாட்டு அரிசி குவிந்தது, உள்ளூர் நெல்லின் கொள்முதல் விலை சரிந்தது. 2025 செப்டம்பரில் இறக்குமதியையே 60 நாள் நிறுத்தி, பிறகு ஆண்டு இறுதிவரை நீட்டித்தார்கள்.

இன்னொரு பக்கம், கிலோ 20 பெசோவுக்கு அரிசி என்பது 2022 தேர்தலில் அதிபர் மார்கோஸ் ஜூனியர் கொடுத்த வாக்குறுதி. 2025 மே மாதம் விசயாஸ் தீவுகளில் தொடங்கி, அரசு மானியத்தில் அந்த விலைக்கு விற்கிறார்கள். முதலில் ஏழைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு மட்டும். ஆகஸ்டில் அந்தப் பயனாளிகள் பட்டியலில் விவசாயிகளும் சேர்க்கப்பட்டார்கள்.