சிரிப்பும் தீர்ப்பும்

ஒரு படம் எப்படி என்று கேட்டால், நன்று என்றோ நன்றன்று என்றோ ஒரே வார்த்தையில் பதில் கூறி விடுவது வழக்கமாயிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையும் நாளடைவில் தேய்ந்து, ஓர் எழுத்தாகவும், நூற்றுக்கு இத்தனை என்னும் இலக்கமாகவும் ஆகிவிட்டது. இவ்விலக்கங்களையே ஜனங்களின் அபிப்பிராயம் என்று படமுதலாளிகள் பறைசாற்றுகிறார்கள். ஜனங்களும் அதை நம்பியே கொட்டகைக்குப் போகிறார்கள். இது தக்க முறைதானா என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு விசாரிக்க விரும்புகிறோம். உதாரணம் ஒரு வேடிக்கைப் படமேயாயினும், விஷயம் வேடிக்கையன்று.

1998-ஆம் வருஷம் செப்டம்பர் 18-ஆம் தேதி அமெரிக்காவில் 'ரஷ் ஹவர்' என்னும் படம் வெளியாயிற்று. பிரெட் ராட்னர் என்பவர் அதன் டைரக்டர். ஒருவரோடொருவர் ஒவ்வாத இருவரை ஒரே வண்டியில் ஏற்றி, சண்டையும் ஹாஸ்யமுமாகக் கதையை நடத்திச் செல்வது ஹாலிவுட்டில் ஒரு தனி ஜாதிப் படம். 1982-இல் வந்த '48 ஹவர்ஸ்', 1987-இல் வந்த 'லீதல் வெப்பன்' ஆகியவை அந்த ஜாதியில் பேர்பெற்றவை. அவற்றில் ஒருவர் வெள்ளையர், மற்றவர் நீக்ரோ வம்சத்து அமெரிக்கர். 'ரஷ் ஹவ'ரிலோ வெள்ளையர் இருவரிலும் இல்லை. ஹாங்காங் இன்ஸ்பெக்டர் லீயாக ஜாக்கி சானும், லாஸ் ஏஞ்சல்ஸ் துப்பறிவோர் கார்ட்டராகக் கறுப்பினத்து நடிகர் கிறிஸ் டக்கரும் தோன்றுகிறார்கள். சுமார் 3½ கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலக முழுவதும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2001-இலும் 2007-இலும் இரண்டு தொடர்ச்சிகள் வந்தன.

ஜனங்களின் அபிப்பிராயம் அக்காலத்தில் எவ்வாறு திரட்டப்பட்டது? ஸினிமாஸ்கோர் என்றொரு ஸ்தாபனம் அமெரிக்காவில் உண்டு. முதல் நாள் காட்சிக்கு வந்தவர்களிடம் சீட்டுக்களைக் கொடுத்து, பரீட்சைப் பேப்பரில் போடுவது போல் எழுத்து மதிப்பெண் வாங்குவது அதன் தொழில். 'ரஷ் ஹவ'ருக்கு ஜனங்கள் அளித்தது 'ஏ'. மற்றொரு வழியும் அந்த வருஷத்திலேயே தோன்றிற்று. ஸெங் டுவாங் என்னும் வாலிபர் ஜாக்கி சானுடைய படங்களில் மிகுந்த பற்றுடையவர். இந்தப் படம் வரப்போகிறதென்ற உற்சாகத்தில், விமர்சகர்கள் கூறுவதையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்து, ஆதரித்தோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டுக் காட்டும் ஏற்பாட்டை 1998 ஆகஸ்டில் இன்டர்நெட்டில் ஆரம்பித்தார். ராட்டன் டொமேட்டோஸ், அதாவது அழுகிய தக்காளி, என்பது அதன் பெயர். நாடகம் பிடிக்காதவர்கள் நடிகர் மீது எறியும் பண்டம் எதுவென்பதை வாசகர்கள் அறிவார்கள். அதன் கணக்குப்படி இப்படத்தை ஆதரித்த விமர்சகர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பேர். இதைப் படத்துக்குக் கிடைத்த அறுபது மார்க்கு என்று கருதுவோர் பலர். அது தவறு. அறுபது பேர் தலையசைத்தார்கள் என்பதே அதன் பொருள். எவ்வளவு அசைத்தார்கள், எதற்காக அசைத்தார்கள் என்பது அதில் இல்லை.

இனி, படத்தைப் பற்றி. ஹாங்காங்கில் பிரிட்டிஷ் ஆட்சி முடியும் இரவில், அதாவது 1997 ஜூன் 30-இல், கதை தொடங்குகிறது. திருடப்பட்ட சீனக் கலைப்பொருள்களை லீ அன்றிரவு மீட்கிறார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்ற சீனக் கான்ஸலின் சிறு பெண்ணைத் திருடர்கள் தூக்கிச் செல்கிறார்கள். கான்ஸல் தமது நண்பராகிய லீயை வரவழைக்கிறார். அமெரிக்க மத்திய துப்பறியும் இலாகா அதை விரும்பவில்லை. அந்நியன் நம் வேலையில் குறுக்கிடாதபடி ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்க ஓர் ஆள் போதுமென்று, தன் இலாகாவிலேயே மதிப்பிழந்து நிற்கும் கார்ட்டரை அவருக்குத் துணையாக்குகிறார்கள். ஆகவே இருவரும் அவமதிக்கப்பட்டவர்களே. கடைசியில் திருட்டுக் கூட்டத்தின் தலைவன் யார் என்று பார்த்தால், ஹாங்காங் போலீஸில் உயர்ந்த உத்தியோகம் பார்த்த ஓர் ஆங்கிலேயன்! ஆளும்போது காவலன், ஆட்சி போனதும் அந்நாட்டுச் செல்வத்தைக் கொள்ளையடிப்பவன். இப்பாத்திரத்தைக் கண்டதும் நாம் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவ்வளவு மதிப்பெண்களுக்கும் நடுவே இதைப் பற்றிய பேச்சு மட்டும் நம் காதில் அதிகம் விழவில்லை.

பேசப்பட்டதெல்லாம் ஹாஸ்யத்தைப் பற்றியே. அதில்தான் அபிப்பிராயம் இரண்டுபட்டது. சீனருடைய பேச்சு, பெயர், உணவு, உருவம் ஆகியவற்றைக் கார்ட்டர் ஓயாமல் பரிகசிக்கிறார். இது பொறுக்கத்தக்கதன்று என்று அமெரிக்காவிலுள்ள ஆசிய வம்சத்தார் பலர் கூறினார்கள். ஆசிய முகம் ஒன்று வில்லனாகவோ வேலைக்காரனாகவோ இன்றிக் கதாநாயகனாகத் திரையில் நின்றதைக் கண்டு பூரித்தவர்களும் அவர்களிலேயே உண்டு. கார்ட்டரின் பாத்திரத்தைப் பற்றியும், வாயாடியும் தற்பெருமைக்காரனுமாகக் கறுப்பினத்தாரை எத்தனை நாள் காட்டுவது என்ற குறை எழுந்தது. ஜாக்கி சான் தாமே பிற்காலத்தில், அமெரிக்கர் இப்படத்தை இவ்வளவு விரும்புவதன் காரணம் தமக்கு விளங்கவில்லை என்று பகிரங்கமாகக் கூறியிருக்கிறார். படத்தின் நாயகர் ஒரு பக்கம், 'ஏ' கொடுத்த ஜனங்கள் மற்றொரு பக்கம்!

வேடிக்கைப் படத்தில் வியாக்கியானம் எதற்கு, சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. நாமும் சிரித்தோம், மறைப்பானேன்? ஆயினும் எந்த இடத்தில் சிரித்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டபோது, எல்லாச் சிரிப்பும் ஒரே சிரிப்பாக இல்லை என்பது தெரிந்தது.

லீ விமானத்திலிருந்து இறங்கியதும் கார்ட்டர் அவரிடம், செவிடனிடம் பேசுவது போல் உரத்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, நான் சொல்வது புரிகிறதா என்று கேட்கிறார். லீ புன்னகை செய்துகொண்டு மௌனமாயிருக்கிறார். ஹாலிவுட்டிலுள்ள சைனீஸ் தியேட்டருக்கு அழைத்துப் போய், உன் ஊர் போலவே இருக்கிறதல்லவா என்கிறார் கார்ட்டர். பின்னரே லீ நல்ல இங்கிலீஷில் வாயைத் திறக்கிறார். இங்கிலீஷ் தெரியாதென்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கார்ட்டர்தான் அப்படி முடிவு செய்துகொண்டார். இந்த இடத்தில் பரிகாசத்துக்கு ஆளானவர் கார்ட்டரே. கச்சேரிகளில் வெள்ளைக்கார அதிகாரிகள் நம் பெரியோர்களிடம் எந்தக் குரலில் பேசினார்கள் என்பதைக் கேட்டறிந்திருக்கும் எவரும் இக்காட்சியை ரஸிக்காமலிரார். ஆனால் சீனருடைய உணவையும் உருவத்தையும் சொல்லிச் சிரிப்பு மூட்டும் இடங்களில் இந்த நயம் கிடையாது. அங்கே கீழே விழுகிறவன் ஏற்கெனவே கீழே இருப்பவன். இரண்டு இடத்துச் சிரிப்பையும் கூட்டி 'ஏ' என்று எழுதிவிட்டால், படமெடுப்பவருக்கு எது நன்று எது இழிவு என்று எப்படித் தெரியும்? இரண்டையுமே அடுத்த படத்தில் இரட்டிப்பாக வைப்பார். அப்படியே நடந்தது. மூன்றாவது படத்தை ஆதரித்த விமர்சகர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்பொழுதும் வசூல் 25 கோடி டாலரைத் தாண்டிற்று.

வக்கீல் தொழிலில் சில காலம் உழன்ற நமக்கு இவ்விடத்தில் ஒரு சட்டவிதி நினைவுக்கு வருகிறது. எந்த விஷயத்தையும் ருசுப்படுத்த இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நிபந்தனை கிடையாது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் அப்படியே இருந்தது. 2024-இல் அதற்குப் பதிலாக அமுலுக்கு வந்த சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. நூறு பேர் ஒன்றைச் சொன்னாலும், கண்ணாரக் கண்ட ஒருவன் காரணத்தோடு மறுத்துச் சொன்னால், நீதிபதி அவன் சாட்சியத்தை நிறுத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். பரிகாசத்துக்கு ஆளானவனே அப்பரிகாசத்தைப் பற்றி நேரில் அறிந்த சாட்சி. சிரித்தவர்களுடைய எண்ணிக்கையைக் காட்டி அவனைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவது எந்த நீதியிலும் சேராது.

இது நமக்கு அந்நிய விஷயமன்று. 1938-இல் 'தி டிரம்' என்ற பிரிட்டிஷ் படம் பம்பாயில் காட்டப்பட்டபோது, இந்தியரை இழிவுபடுத்துகிறதென்று ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். மறு வருஷம் ஹாலிவுட்டிலிருந்து வந்த 'கங்கா தின்' படத்துக்கும் இங்கே எதிர்ப்பு எழுந்தது. மேல்நாட்டுக் கொட்டகைகளில் அப்படங்களுக்குக் கரகோஷம் குறைவாயிருக்கவில்லை. அந்தக் கரகோஷத்தை ஜனங்களின் தீர்ப்பென்று அன்று நாம் ஏற்றுக்கொண்டோமா?

படங்களைத் தடை செய்ய வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. இந்தப் படத்தைத் தடுத்திருந்தால் விமான நிலையக் காட்சியும் போயிருக்கும்; கலைக் கண்காட்சியில் பகைவரோடு போராடிக்கொண்டே, விலை மதிக்கவொண்ணாத சீன ஜாடிகள் விழுந்துவிடாமல் லீ மாறி மாறித் தாங்கிப் பிடிக்கும் அற்புதமான சண்டையும் போயிருக்கும். பார்க்கிறவர்கள் ஓர் எழுத்தோடு நிறுத்தாமல், இந்த இடம் நன்று, இந்த இடம் கூசியது என்று இரண்டு வரி சொல்லட்டும் என்பதே நமது கோரிக்கை. இப்பத்திரிகைக்கு வரும் கடிதங்களிலும் நாம் தேடுவது அதையே.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, எடுக்கையில் தவறிப்போன துண்டுகளைச் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஜாக்கி சான் இங்கிலீஷ் வார்த்தைகளில் தடுமாறுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு கிறிஸ் டக்கர் சில சீன வார்த்தைகளைச் சொல்ல முயன்று, திரும்பத் திரும்பத் தோற்கிறார். என் இங்கிலீஷைக் கேலி செய்கிறவருக்குச் சீன மொழியில் மூன்று வார்த்தை வரவில்லையே என்று ஜாக்கி சான் சொல்ல, டக்கரும் சேர்ந்து சிரிக்கிறார். படத்திலுள்ள அவ்வளவு பரிகாசத்துக்கும் பதில் அந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது. சீட்டில் 'ஏ' என்று எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதுவரையில் ஆசனத்தை விட்டு எழாதிருந்தார்களோ, அந்த எழுத்து சொல்லவில்லை.