காகிதத்துக்கு மரம் என்று பெயர்

சென்னை அடுக்குமாடி விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி: "மாஸ்டர் பெட்ரூமில் வுட்டன் ஃப்ளோரிங்". தேக்கா, ஓக்கா என்று ஆசை ஆசையாகப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே கிடப்பது எட்டு மில்லிமீட்டர் அட்டை!

அட்டை என்பது திட்டுவதற்காகச் சொன்ன வார்த்தை இல்லை. மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை, அதன் மேல் ஓக் மரத்தின் படம் அச்சடித்த காகிதம், அதற்கு மேல் மெலமைன் பூச்சு. இதுதான் லேமினேட். 1977ல் ஸ்வீடனில் பெர்ஸ்டார்ப் நிறுவனம் கண்டுபிடித்தது. லேசில் கீறல் விழாது, விலையும் குறைவு. லேமினேட் என்று சொல்லி விற்றால் யாருக்கும் சண்டை இல்லை. மரம் என்று விற்பதுதான் அநியாயம். வனஸ்பதியை நெய் என்று விற்றால் சும்மா விடுவார்களா?

"பேரில் என்ன இருக்கிறது, பார்க்க அழகாக இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பேரில் காசு இருக்கிறது சார்! முழு மரப் பலகை ஏறக்குறைய 19 மி.மீ. தடிமன். பலகையும் பலகையும் கோத்துக்கொள்ளும் நாக்குக்கு மேலே சுமார் 6 மி.மீ. மரம் இருக்கும். தரை மங்கிப்போனால், முதலில் கரடான உப்புத்தாள் போட்ட மெஷினால் தேய்த்து, பிறகு படிப்படியாக நைசான தாளுக்கு வந்து, கடைசியில் பாலியூரிதேனோ எண்ணெயோ பூசுவார்கள். ஒரு தடவைக்குப் போவது ஒரு மில்லிமீட்டருக்குள்தான். ஆக, இருபது வருடம் கழித்தும் அதே தரை புதுசாகும். அமெரிக்காவில் 1920களில் கட்டிய வீடுகளில், பின்னால் விரித்த கார்ப்பெட்டைக் கிழித்துப் போட்டு அடியில் இருந்த ஓக் தரையை இப்படித்தான் மீட்கிறார்கள். லேமினேட்டில் உப்புத்தாள் வைத்தால்? முதல் இழுப்பிலேயே படம் காலி!

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. பழைய மொசைக் தரை கறை பிடித்தால் மெஷின்காரரைக் கூப்பிட்டு, வீடெல்லாம் சேறு ஓட ஓட பாலிஷ் போடுவார்கள். தரையைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடு என்று யாரும் சொல்லவில்லை. தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்றால் அது சொத்து. புதுப்பிக்க முடியாது என்றால் அது வெறும் செலவு. காமர்ஸ் முதல் வருடப் பாடம்தான்.

அடுத்து அந்தப் பிரபலமான சப்பைக்கட்டு: "மரம் நம்ம ஊர் கிளைமேட்டுக்கு ஒத்துக்காது". மரம் ஈரத்தில் அகலவாக்கில் விரியும், உண்மைதான். அதனால்தான் பலகையை அந்த அறையிலேயே சில நாள் வைத்துப் பழக்கிவிட்டு, சுவரோரம் சுமார் 10 மி.மீ. இடைவெளி விட்டுப் பதிக்க வேண்டும். காலையில் லாரியில் இறக்கி மாலையில் சுவரை முட்டப் பதித்துவிட்டு, ஐப்பசி மழைக்கு நடுவில் கூரை மாதிரி எழும்பினால் அது மரத்தின் குற்றமா? மச்சு வீடுகளின் பலகைத் தளங்கள் எத்தனை ஐப்பசியைத் தாண்டி வந்தவை! சொல்லப்போனால் வாளித் தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீட்டில் சீக்கிரம் சாவது சாதாரண லேமினேட்தான். இணைப்பில் தண்ணீர் இறங்கினால் ஓரம் உப்பிக்கொள்ளும். காய்ந்தாலும் அமுங்காது.

அந்த அட்டைக்குள் இருக்கும் பிசின் வேறு சமாச்சாரம். சீனாவில் செய்த லேமினேட்டில் ஃபார்மால்டிஹைடு கலிஃபோர்னியா வரம்பை மீறுகிறது என்று 2015 மார்ச்சில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி காட்டியது. விற்ற கடையின் பெயர் லம்பர் லிக்விடேட்டர்ஸ் (பெயரிலேயே மரம்!). முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்திய வழக்கில் அந்த நிறுவனம் 2019ல் 3.3 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தது. பங்கு வாங்கியவனை ஏமாற்றியதற்கே இவ்வளவு. வீட்டுக் கடன் வாங்கி, அந்தத் தரையில் குழந்தையைத் தவழ விடுகிறவனுக்கு?

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பில்டர் விளம்பரத்தில் பொய் சொல்லி, அதை நம்பியவருக்கு நஷ்டம் வந்தால், 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு இழப்பீடு கேட்க வழி தருகிறது. ஆனால் புகார் கொடுக்க கையில் தாள் வேண்டுமே! வீடு வாங்குபவர் முன்பணம் கட்டும் முன்னாலேயே, மேல்படலத்தில் நிஜ மரம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும். பதில் பூஜ்யம் என்றால், பூஜ்யம் என்றே எழுதட்டும்.