ஈறு இருக்க இரவல் எதற்கு?

சவ்வாது மலையடியில், அமிர்திக் காட்டில், விலங்குகளை வைத்துப் பேணும் இடத்திற்கு இன்று 'உயிரியல் பூங்கா' என்பது பெயர். 'மிருகக்காட்சி சாலை' என்னும் பழைய வழக்கு தேய்ந்து வருகின்றது. பேருந்தில் வந்திறங்கும் பள்ளிப் பிள்ளையும் புதுப்பெயரைத் தடையின்றிச் சொல்கின்றது. தமிழ்ச்சொல் மக்கள் வாயில் நுழையாது என்பார்க்கு இவ்வொன்றே போதிய விடை.

ஆனால், அக்காட்டை விட்டு இறங்கி, வேலூர் கடந்து, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல்தொழில் ஊர்களுள் புகுந்தால் நிலைமை வேறு. அங்கு 'டேனரி' என்பதே சொல். அதற்கு ஈடாக ஆட்சித்தமிழ் தந்ததோ 'தோல் பதனிடும் தொழிற்சாலை' என்னும் நெடுந்தொடர். தொடர் தோற்றது, இரவல் வென்றது. குற்றம் தொழிலாளியுடையதன்று, சொல்லாக்கித் தரக் கடமைப்பட்டோருடையது.

சொற்போரில் வெல்வது தொடரன்று, ஈறே. நூலோடு 'அகம்' சேர்ந்து நூலகமாயிற்று; 'லைப்ரரி' பின்வாங்கிற்று. அச்சு அச்சகமாயிற்று. அவ்வீற்றையே சேர்த்துப் 'பதனகம்' என்றால் எவர்க்கு விளங்காது? தோலைப் பதப்படுத்தும் பட்டைச்சாற்றின் பொருளை 'டானின்' என்பானேன்? துவர் என்னும் பழஞ்சொல்லினின்று 'துவர்ப்பி' பிறவாதா? ஆவாரம்பட்டைத் துவரால் தோல் பதனிட்ட மண் இது. பட்டை போய்க் குரோமிய உப்பு வந்தது. சொல்லும் உடன் போயிற்று.

இரவல் வேரோடு நில்லாது, ஈற்றையும் பற்றுகின்றது. 'பங்கு' தமிழ், அதில் பாரசீகத் 'தார்' ஒட்டிப் 'பங்குதாரர்' ஆக்கினர். தொழிலாளி, உழைப்பாளி எனத் தழைத்த ஈறு இருக்கப் 'பங்காளர்' என்றால் பங்கு குறைந்துவிடுமோ?

இலித்துவேனியரைப் பார்க்க! 1864 முதல் 1904 வரை அவர்தம் மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடவே உருசியப் பேரரசு தடைவிதித்தது. அத்துணை நெருக்கடியிலும் அம்மொழி மாளவில்லை. யோனாசு யாபுலோன்சிகிசு (1860–1930) போன்றார் மக்கள் பேச்சிலிருந்து அதைச் செப்பஞ்செய்தனர். கற்பித்தலைக் குறிக்கும் வினையோடு இடப்பொருள் ஈறாகிய 'இக்லா'வைச் சேர்த்து, பள்ளிக்கு 'மோகிக்லா' என்கின்றனர். ஆங்கும் இரவல் நுழையாமலில்லை. எனினும் அதைக் கண்காணிக்க அரசே ஓர் ஆணையம் வைத்துள்ளது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்கும் இல்லாத இனம் அது!

இது புலவர் பொழுதுபோக்கன்று. 'கழி'யோடு 'வு' சேர்ந்த 'கழிவு' பாலாற்று உழவனுக்கு விளங்கும், 'எப்ளூயண்டு' விளங்காது. மாசுபடுத்தியோரே ஈடுசெய்யவேண்டும் என்று 1996இல் உச்ச நயன்மன்றம் தோல்கழிவு வழக்கில் தீர்ப்புரைத்தது. கிணறு கெட்டவன் தனக்குரிய ஈட்டைக் கேட்க, அவன் கைக்கு வரும் தாள் அவன் மொழியில் இருத்தல் வேண்டாவா?

மறைமலையடிகள் 1916இல் மூட்டிய கனல் வேரைக் காத்தது. ஈற்றையும் காப்பது இன்றையோர் கடன். பதனகம் என்று பலகையில் எழுதுக! துவர்ப்பி என்று பாடநூலில் எழுதுக! சொல் தானே நடக்கும்.