களவெடுத்த வாஃபிளும் பசித்த பிள்ளையும்

நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' (2016) தொடரைப் பேய்க்கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். அதில் வரும் லெவன் என்ற சிறுமி என்ன சாப்பிடுகிறாள் என்பதை மட்டும் கவனிப்போம்.

ஆய்வுகூடத்தில் அடைத்து வளர்க்கப்பட்டவள் தப்பி வந்ததும், ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் புகுந்து உருளைக்கிழங்குப் பொரியலைக் களவெடுத்துத் தின்கிறாள். கடைக்காரர் பென்னி கத்திக்கொண்டுதான் பிடிக்கிறார். மொட்டைத் தலையோடு நிற்கும் பிள்ளையின் முகத்தைக் கண்டதும் பர்கர் வைத்துக் கொடுக்கிறார்.

பிறகு மைக் ஒளித்துக் கொண்டுவந்து கொடுக்கும் எகோ வாஃபிள் அவளுக்கு உயிராகிவிடுகிறது. தனித்துப் போனபோது ஒரு கடையில் அதையே களவெடுக்கிறாள். முதல் சீசன் முடிவில், பொலிஸ் அதிகாரி ஹொப்பர் காட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவதும் அதைத்தான். பேச்சு வராத பிள்ளைக்கு அந்த வாஃபிள்தான் அன்பு.

வகுப்பில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி காணாமற் போனால், "யார் களவெடுத்தது?" என்றுதான் நாம் கேட்கிறோம். "யார் காலையில் சாப்பிடவில்லை?" என்று கேட்பதில்லை. களவு ஹராம்தான். பசித்தவருக்கு உணவளிப்பதும் நம் மார்க்கம் சொன்னதுதானே? ஆசிரியர்களே, பெற்றோரே, முதலில் சாப்பாடு கொடுப்போம். புத்தி பிறகு சொல்லுவோம்.